மதில் ஓரத்துக் கல்யாண முருங்கை

கண்ணு,

நேற்று போனில் "அம்மா, அந்த மரத்துக் கொம்பு வேண்டாம்மா, மண்டபத்துலயே கம்பம் வெச்சிருக்காங்களாம், அதையே நட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த ஆபீசிலடா மீட்டிங் போடுகிறார்கள்? நீ புனேயில் இருந்தாலும் உன் குரல் எனக்குப் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. அந்த வாக்கியத்தை நீ ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் என்னிடம் சொன்னாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், உன் அப்பா சமாதானம் செய்கிறேன் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் பந்தல்காரன் கதையை ஆரம்பிப்பார். அதனால் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு ஊருக்கு வர ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு இதைப் படி. நடுவில் இறங்கி ஓட முடியாது.

நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மதில் ஓரத்தில் நிற்கும் அந்தக் கல்யாண முருங்கை உன் முதல் கல்யாணத்து அரசாணிக் கொம்பு. மணமேடையில் அரசங்கொம்போடு சேர்த்துக் கட்டி, மஞ்சள் துணி சுற்றி, பால் தெளித்து நட்ட கொம்பை, கல்யாணம் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணில் ஊன்றி வைப்பது நம் வழக்கம். துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். நீயும் கிருத்திகாவும் மாலையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு அதை நட்டீர்கள். குழி தோண்டியது உன் அப்பா, மண் தள்ளியது நீ, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியது அவள். அந்தத் தண்ணீர் உன் பட்டு வேட்டியில் தெறித்து நீ துள்ளிக் குதித்ததும், அவள் விழுந்து விழுந்து சிரித்ததும் வீடியோவில் இருக்கிறது. கொம்பு ஒரே மாதத்தில் துளிர்த்துவிட்டது. நானும் நம் கணபதி ஏரியா முழுக்க எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். இரண்டாவது வருஷம் கல்யாணம் முறிந்துபோனது. மரம் மட்டும் மதிலைத் தாண்டி வளர்ந்துகொண்டே இருந்தது.

அதைப் பற்றி நீயும் நானும் இன்றுவரை நேராகப் பேசியதில்லை. இப்போதும் நான் தோண்டப் போவதில்லை. அவள் நல்ல பெண், நீ நல்ல பையன், இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தபோது இரண்டு பேருமே நன்றாக இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. யார் மேல் தப்பு என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், "தெரியலீங்க, நான் நடுவுல இல்லீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. கடைசியாகத் துணிமணியை எடுத்துப் போக அவள் வந்தாளே, அன்றைக்கு நீ வீட்டில் இல்லை. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, கேட் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மரத்தடியில் குனிந்து மண்ணை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுக்குத் தெனமும் தண்ணி ஊத்தாதீங்க. வேர் அழுகிப்போயிரும்" என்றாள். அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. போகிறவளுக்கு என்ன கரிசனம் என்று, அவள் மேலிருந்த கோபத்தில் இன்னும் ஒரு குடம் சேர்த்து ஊற்றினேன். போர்வெல் தண்ணீர் வேறு. அது உப்பென்றால் உப்பு. இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கிய பிறகுதான் குடத்தைக் கீழே வைத்தேன்.

அந்த மஞ்சள் இலையைப் பார்த்துத்தான் உன் அன்னூர் அத்தைக்கு வாய் திறந்தது. உன் அப்பாவின் அக்கா, நான் இத்தனை வருஷமாக நங்கை என்று மரியாதையாகக் கூப்பிடுபவர், வருகிற போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மதில் ஓரத்தைத்தான் பார்ப்பார். "இன்னுமா இதை வெச்சிருக்கறே அம்மணி? கல்யாணமே முறிஞ்சு போச்சு, அந்தக் கொம்பு எதுக்கு? ராசியில்லாதது. வெட்டிப்போடு" என்பார். முதல் தடவை நான் பேசாமல் காப்பி கொடுத்தேன். இரண்டாவது தடவையும் காப்பி கொடுத்தேன். மூன்றாவது தடவை, "ஏனுங்க நங்கை, இதுக்கு ராசியில்லைன்னா அன்னைக்குப் போட்ட விருந்துக்கும்தானே ராசியில்லை? நீங்க ரெண்டு பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்களே, அதை என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டேன். ஒரு மாதம் அன்னூரிலிருந்து போன் வரவில்லை. உன் அப்பா என்னை முறைத்தார், பிறகு வீட்டை ஒட்டிய நம் லேத் பட்டறைக்குள் போய்த் தனியாகச் சிரித்தார். எனக்குக் கேட்டது.

நான் ஏன் வெட்ட விடவில்லை என்று நீயும் ஒருமுறை கேட்டாய். பூச்செடி ஆசை என்று சொல்லி மழுப்பினேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். அந்த மரத்தை வெட்டினால், உன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை நாங்களே வெட்கப்பட்டு மறைத்ததாக ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. நீ அந்தச் சமயம் லீவில் வரும்போதெல்லாம் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போனாய். தெருவில் யாராவது கூப்பிட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல நடித்தாய். என் பிள்ளை என்ன திருடினானா? கல்யாணம் செய்தான், சரிப்படவில்லை, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். அதற்காக ஒரு மரத்தைச் சாகடிக்க வேண்டுமா? நீ தலை குனிந்து நடக்கிற வரைக்கும் அந்த மரமாவது நிமிர்ந்து நிற்கட்டும் என்று வைராக்கியமாகவே வைத்துக்கொண்டேன். எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று உன் அப்பா சொல்வார். ஆமாம், அதிகம்தான்.

உன் அப்பா மட்டும் இந்த விஷயத்தில் என் பக்கம் நின்றார். ஆனால் அவர் நிற்கிற விதம் உனக்குத் தெரியுமல்லவா? மனுஷனுக்குப் பாசம் வந்தால் வெல்டிங் மிஷினைத்தான் தேடுவார். ஆடிக் காற்றில் மரம் மதில் பக்கம் சாய்ந்தது. ஒரு கயிறு கட்டினால் போதும். இவர் எம்.எஸ். ஃபிளாட் இரும்புப் பட்டையை வளைத்து, இரண்டு போல்ட் போட்டு, அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் பண்ணி, அதை மதிலில் பதித்த ஆங்கிள் இரும்போடு சேர்த்து முடுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்ஸைடு பெயின்டும் அடித்துவிட்டார். பம்ப்செட்டுக்குச் செய்கிற மாதிரி, கை நுழைய இடம் இல்லாமல் கச்சிதமாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மழை முடிந்து மரம் பருத்ததும் வளையம் பட்டைக்குள் இறங்கிவிட்டது. போல்ட்டைக் கழற்றப் பார்த்தால் அது மரத்துக்குள் போய்விட்டது. கடைசியில் கிரைண்டரை எடுத்து வந்து, ஒரு பக்கம் நான் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொள்ள, தீப்பொறி பறக்க அறுத்து எடுத்தோம். "டாலரன்ஸ் விடாமப் பண்ணிப்போட்டேன், பெருக்க எடம் விட்டிருக்கோணும்" என்று இரண்டு நாள் வருத்தமாகவே இருந்தார். அந்தத் தழும்பு இன்னும் அடிமரத்தைச் சுற்றி ஒரு அரைஞாண் மாதிரி இருக்கிறது. நீ வந்ததும் தடவிப் பார். இப்போது வரப்போகிற மைதிலியை நீ எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உன் அப்பா வாயைத் திறந்து ஒரு நாளும் சொல்லமாட்டார், அவர் சொல்ல நினைப்பது அந்தத் தழும்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

அதற்கு அடுத்த வருஷம்தான் பூச்சி வந்தது. துளிர் எல்லாம் வீங்கி, காம்பு முடிச்சு முடிச்சாகி, இலை சுருண்டு, சுண்டவற்றலைக் கோத்துத் தொங்கவிட்டதுபோல மரமே விகாரமாகிவிட்டது. நான் மருந்து அடித்தேன், வேப்பெண்ணெய் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் ஒரு முடிச்சைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே அறை அறையாக, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் புழு. மேலே அடிக்கிற மருந்து உள்ளே இருக்கிறவனை என்ன செய்யும்? உனக்குத்தான் தெரியுமே, பட்டறையில் செக்கிங் என் வேலை. வார்ப்புக்குள்ளேயே ஓட்டை இருந்தால் மேலே எத்தனை பாலிஷ் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, திரும்ப உருக்கத்தான் அனுப்புவேன். அதே யோசனைதான் வந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டேன். ஒரு இலை விடாமல், ஒரு துளிர் விடாமல், கிளைகளை எல்லாம் கழித்து அடிமரத்தை மட்டும் விட்டேன். கழித்தது அத்தனையையும் பழைய ஆயில் பேரலில் போட்டுக் கொளுத்தினேன். கையெல்லாம் முள். உன் அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தெருவே நான் கடைசியில் மனம் மாறி மரத்தை வெட்டிவிட்டதாக நினைத்தது. அன்னூருக்கும் சேதி போய்விட்டது. அன்று சாயங்காலமே போன். "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்துருக்குது அம்மணி. இனிமே பையனுக்கு நல்லது நடக்கும் பாரு" என்றார் நங்கை. "ஆமாங்க நங்கை, நடக்குமுங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஒரு மாதம் அந்த மொட்டைக் கட்டை அப்படியே நின்றது. நான் தண்ணீரைக் குறைத்துவிட்டேன். உரம் போட்டால் துளிர் அதிகம் வரும், துளிர் அதிகமானால் பூச்சிக்குத்தான் விருந்து என்று உரத்தையும் நிறுத்தினேன். வேப்பம் பிண்ணாக்கு மட்டும் ஒரு பிடி. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். பட்டை பச்சையாக இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பேன். முதல் துளிர் வந்தது, அதிலும் முடிச்சு. கிள்ளி எரித்தேன். மறுபடி வந்தது, அதிலும் அங்கங்கே முடிச்சு. அதையும் எரித்தேன். எனக்கே அலுத்துவிட்டது, கண்ணு. இனி ஒரு தடவை, இதிலும் வந்தால் நங்கை சொன்னபடியே செய்துவிடலாம் என்று ஒரு நாள் குளிக்கும்போது நினைத்தேன். அடுத்து வந்த துளிர் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ரிஜெக்ட் பண்ண ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சமையலறைக்குள் வந்து உன் அப்பாவிடம் "பாஸ்" என்று சொன்னேன். அவர் என்ன பாஸ் என்றுகூடக் கேட்கவில்லை, நேராக எழுந்து மரத்தடிக்குப் போனார்.

இந்த வருஷம் மாசியில் இலை எல்லாம் உதிர்ந்து, கிளைக் கிளையாகப் பூத்தது. இதற்கு முன்னால் ஒரு வருஷம்கூட அது பூத்ததில்லை. நீ போட்டோவில் பார்த்துவிட்டு ஒரு கட்டை விரலை அனுப்பினாய். அதை நேரில் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு சிவப்பு. விடிந்தால் மைனாவும் காக்கையும் கரிச்சானும் தேனுக்கு அடித்துக்கொள்கிற சத்தத்தில் லேத் சத்தமே கேட்காது. பட்டறை ஆட்கள் டீக் கிளாசை எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய் நின்றார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். கொழுப்போடு சொல்கிறேன், அந்த ஒரு மாதம் நான் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

அந்தப் பூ இருக்கும்போதுதான் மைதிலி வீட்டார் நம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். உன்னிடம் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னோம். முழுக் கதையை இப்போதுதான் சொல்கிறேன். முந்தின நாளே நங்கை அன்னூரிலிருந்து வந்து இறங்கிவிட்டார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வழக்கப்படி மதில் ஓரத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெட்டியதாக நினைத்திருந்தது நெருப்பாகப் பூத்து நிற்கிறதே. "ஏ அம்மணி, என்னை ஏமாத்திப்போட்டியா?" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "அவங்களும் ஒருதடவை அடிபட்டவங்கடா. அந்தப் பொண்ணும் முன்னால ஒரு ஊட்டுல வாழ்ந்து வந்தவதானே? வந்த எடத்துல பழைய கல்யாணத்து மரம் பூத்து நிக்குதுன்னா அவங்களுக்கு மனசு எப்படி இருக்கும்? காலைல ஆளைக் கூப்பிட்டு வெட்டிப்போடு. இல்லீனா பந்தல் துணியையாவது கட்டி மறைச்சுப்போடு." நங்கை கெட்டவர் இல்லை. உன் மேல் உயிரையே வைத்திருப்பவர்தான். அதனால்தான் பயந்தார். உன் அப்பாவும் பயந்துவிட்டார். என்னைப் பார்க்காமல், பட்டறைக்குப் போட வாங்கி வைத்திருந்த பச்சை வலையை எடுத்து விரித்துப் பார்த்தார்.

நானும் பயந்துதான் போனேன், அதை ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சம்பந்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மைதிலியோடு பேச ஆரம்பித்த பிறகுதான் நீ போனில் என்னிடம் சாப்பிட்டாயா என்று திரும்பக் கேட்க ஆரம்பித்தாய். ஒரு மரத்தால் அது கைவிட்டுப் போனால் என் பிடிவாதத்தை நானே மன்னிக்கமாட்டேன். ஆனாலும் அந்தப் பச்சை வலையைப் பார்த்ததும், நீ பின்வாசல் வழியாக வந்து போனதுதான் ஞாபகம் வந்தது. வலையைச் சுருட்டி உன் அப்பா கையிலேயே கொடுத்தேன். "கேட்டாச் சொல்லிக்கலாம், மறைக்க வேண்டாமுங்க" என்றேன். அன்றைக்கு நங்கை சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

வந்தார்கள். மைதிலியின் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான், வால்பாறையிலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி, முகம் வெளுத்துப் போய். காப்பி கொடுத்தேன், மிக்ஸரும் ஜாங்கிரியும் வைத்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், பட்டறையைப் பார்த்தார்கள். திரும்ப வந்து உட்காரும்போது அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பூவு நல்லா இருக்குதுங்க. எப்ப வெச்சதுங்க?" என்று கேட்டார். நங்கை முந்திக்கொண்டு, "அது தானா மொளைச்சதுங்க" என்றார். நான் தட்டைக் கீழே வைத்தேன். "இல்லீங்க. அது என்ற பையனோட மொதக் கல்யாணத்து அரசாணிக் கொம்புங்க. அந்தப் புள்ளையும் இவனும் நட்டது. கல்யாணம் சரிப்படலீங்க, மரம் பொழைச்சுக்கிச்சு. நீங்க கேட்டீங்க, சொல்லிப்போட்டேன்" என்றேன். நங்கை கண்ணை மூடிக்கொண்டார். உன் அப்பா ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் வருங்கால மாமனார் எழுந்தார். கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாசலில் செருப்பைப் போட்டவர் கேட்டுக்குப் போகாமல் மதில் பக்கம் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எட்டின கிளை ஒவ்வொன்றையும் வளைத்து, நுனியில் வர ஆரம்பித்திருந்த துளிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பார்த்த அதே மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, இதுல ஒரு முடிச்சுக்கூட இல்லீங்களே?" என்றார். "இருந்துச்சுங்க, எரிச்சுப்போட்டேனுங்க" என்றேன். அவ்வளவுதான். மனுஷன் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்ததையே மறந்துவிட்டார். எப்போது வெட்டினீர்கள், எத்தனை தடவை, உரம் என்ன, தண்ணீர் எப்படி என்று ஒரே கேள்வி. அவர்கள் தோட்டத்தில் மிளகுக் கொடி எல்லாம் இந்த மரத்தின் மேல்தான் படர்ந்திருந்ததாம். அங்கே இதை முருக்கு என்கிறார்கள். "எங்க முருக்கு பூராவும் இந்தப் பூச்சியிலயே போயிருச்சுங்க. கொடி ஏற மரமில்லாமத் தரையில கெடக்குதுங்க" என்று சொன்னபோது அவருக்குக் குரலே இறங்கிவிட்டது. வளைத்த கிளையை மெல்ல விட்டுவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க. பூ முடிஞ்சதும் நாலு கொம்பு கெடைக்குமுங்களா?" என்று கேட்டார்.

உன் அப்பா பூ முடிகிற வரைக்கும் எல்லாம் காத்திருக்கவில்லை. உள்ளே ஓடி அரிவாளும் ஏணியும் எடுத்து வந்தார், ஸ்டீல் டேப்பையும் எடுத்து வந்தார். கொம்பு அத்தனையையும் ஒரே அளவாக அளந்து, அடியில் ஒரே சாய்வாகச் சீவி அடுக்கினார். "கொம்புக்கு எதுக்குங்க டேப்பு?" என்று சம்பந்தி அம்மா கேட்டுச் சிரித்தார். அவர் பட்டுச் சேலையில் முள் மாட்டியதை எடுத்துவிட்டது யார் என்று நினைக்கிறாய்? உன் அன்னூர் அத்தைதான். எடுத்துவிட்டுச் சும்மா இராமல், "நல்ல ராசியான மரமுங்க" என்றும் சொல்லிவைத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்திருப்பேன். கார் டிக்கி மூட முடியாமல் கயிறு போட்டுக் கட்டி, சிவப்புப் பூ வெளியே தொங்கத் தொங்க அவர்கள் போனார்கள். "பொண்ணுகிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றமுங்க" என்று முறைப்படி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பொள்ளாச்சி தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது. "தேதி பாத்துருலாமுங்க" என்றார்.

அந்தக் கொம்புகளை நிழலில் சாத்தி வைத்திருந்து, கோடை மழை விழுந்ததும் நட்டார்களாம். ஆனியில் மைதிலி என்னைக் கூப்பிட்டாள். "அத்தை, கொம்பு அத்தனையும் துளுத்துருச்சுங்க. முடிச்சே இல்லீங்க. நானும் அப்பாகூட நட்டேனுங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அது எந்தக் கொம்புன்னு அப்பா சொன்னாருங்க. என்ற மொதக் கல்யாணத்துக் கொம்பு அந்த ஊட்டுல நட்டதுங்க அத்தை. எப்படி இருக்குதோ. யாராச்சும் தண்ணி ஊத்திட்டிருந்தாச் சரி" என்றாள். என் வைராக்கியம், நங்கையோடு போட்ட சண்டை, ஏணி, முள், பேரல் நெருப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். இத்தனை நாள் அவள் சொல்லாமல் இருந்திருக்கிறாள் பார். அவளை நம்பலாம்.

இப்போது உன் மண்டபத்துக் கம்பத்துக்கு வருகிறேன். அதை நானும் பார்த்தேன். தேக்குக் கலரில் பெயின்ட் அடித்து, அடியில் இரும்புத் தட்டு வைத்து, பிளாஸ்டிக் இலை சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் எடுத்து வைத்து, முடிந்ததும் ஸ்டோர் ரூமில் சாத்திவிடுகிறார்கள். அது துளிர்க்கவும் துளிர்க்காது, பட்டுப்போகவும் போகாது. உனக்கு அதுதான் நிம்மதியாகத் தோன்றியிருக்கும். ஒருதடவை பட்டவனுக்கு அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் நீ கேட்டது லேட்டு, கண்ணு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் நானே ஏணியில் ஏறி நம் மரத்தில் ஒரு கொம்பு வெட்டப்போகிறேன். அதே நாள் உன் மாமனார் அவர் தோட்டத்தில் துளிர்த்ததில் ஒரு கொம்பு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இறங்கப்போகிறார். கார் வேண்டாமாம், டிக்கியில் வாடிவிடுமாம். அவர்கள் வீட்டுக் கொம்பும் நம் வீட்டுக் கொம்பும் சேர்த்துத்தான் அரசாணிக்குக் கட்டுவது என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாகிவிட்டது. என்னிடம் வேண்டாம் என்று சொல்வது உனக்குப் பழக்கம். முடிந்தால் போய் உன் மாமனாரிடம் சொல்லிப் பார்.

நீ ரயிலைவிட்டு இறங்கியதும் உன் அப்பா ஸ்டேஷனில் நிற்பார். வீட்டுக்கு வரும்போது பின்வாசல் பூட்டியிருக்கும். சாவி என்னிடம் இருக்கிறது, தரமாட்டேன். முன்வாசல் வழியாக வா. மதில் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வா. தெருவில் யாராவது கூப்பிட்டால் நின்று பேசு, கல்யாணத்துக்கு வரச் சொல்லு. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை, நேரில் பார்த்துக்கொள்.

கல்யாணம் முடிந்ததும் அந்த இரண்டு கொம்பையும் நீயும் மைதிலியும் நடுவீர்கள். குழியை உன் அப்பா தோண்டுவார், அளந்துதான் தோண்டுவார். சொம்பு உன் கையில் இருக்கட்டும், இந்த முறை நீ ஊற்று. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், இது நான் சொல்வதில்லை, கிருத்திகா சொன்னது. தினமும் ஊற்றாதே. விரலால் மண்ணைக் குத்திப் பார், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று.

அம்மா